வேகமா? பாதுகாப்பா?

முன்னாளில் குடும்பத்தின் நினைவுகள் ஆல்பத்தில் இருந்தன. இன்று திருமணப் படங்களும், ஞானஸ்நானப் படங்களும், பத்திர நகல்களும் கணிப்பொறியின் ‘ஹார்டு டிஸ்க்’ என்னும் வன்தட்டில் அடங்கிவிட்டன. ஆல்பம் மெல்ல மங்கும். வன்தட்டோ ஒரே நாளில் ஓய்ந்துவிடக் கூடும். ஆகவே புதிய தட்டு வாங்குவோர் வேகத்தை மட்டும் விசாரித்தால் போதாது.

பல தட்டுகளை இணைத்து இயக்கும் முறைக்கு ‘ரெய்டு’ என்று பெயர். வருமான வரித் துறையினரின் ரெய்டு அன்று! கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் ஆகிய மூவர் 1988ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையால் இப்பெயர் நிலைபெற்றது.

‘ரெய்டு 0’ என்னும் வகை, ஒரு கோப்பைத் துண்டுகளாக்கி இரு தட்டுகளில் பகிர்ந்து எழுதும். பெரிய கோப்புகளில் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும்; ஆனால் ஒரு தட்டு பழுதானாலும் முழுவதும் போய்விடும். ‘ரெய்டு 1’ என்பதோ ஒரே செய்தியை இரு தட்டுகளிலும் எழுதும். ஒன்று பழுதானால் மற்றொன்று கைகொடுக்கும். எனினும் இரு தட்டுகளுக்கு விலை கொடுத்து ஒரு தட்டின் இடத்தையே பெறுகிறோம். மூன்று, நான்கு தட்டுகள் தேவைப்படும் வகைகளும் உண்டு. அவை பெரும்பாலும் அலுவலகங்களுக்கே ஏற்றவை.

இரட்டைத் தட்டு இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடலாமா? கூடாது. கைதவறி ஒரு படத்தை அழித்தால், அது இரண்டிலும் ஒருங்கே அழியும். திருட்டும் வெள்ளமும் வந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். 1998இல் ‘டாய் ஸ்டோரி 2’ திரைப்படத்தின் கோப்புகளில் பெரும்பகுதி ஒரு தவறான கட்டளையால் அழிந்தது. காப்பு நகலும் சரிவர அமையவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து பணிபுரிந்த பெண் அலுவலர் ஒருவரின் கணிப்பொறியில் இருந்த நகலே படத்தைக் காத்தது.

எனவே குடும்பங்களுக்கு நாம் கூறும் வழி எளியது. அன்றாட வேலைக்குச் சுழலும் பாகங்கள் இல்லாத ‘எஸ்.எஸ்.டி.’ ஒன்று போதும், வேகத்திற்குக் குறைவிராது. மிச்சப்படும் பணத்தில் வெளியே இணைக்கும் வன்தட்டுகள் இரண்டு வாங்குங்கள். ஒன்றில் வாரந்தோறும் நகலெடுத்துக் கழற்றி வையுங்கள். மற்றொன்றை உடன்பிறந்தார் வீட்டில் வைத்து, வரும்போதெல்லாம் புதுப்பியுங்கள். அவ்வப்போது நகலைத் திறந்து படங்கள் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நம்புவதற்கில்லை.

வேகம் குறைந்தால் சில நிமிடங்களே இழப்போம். நகல் இல்லையேல், மறைந்த பெற்றோரின் முகத்தையே இழக்க நேரிடும்.