மிளகும் பாலாடைக்கட்டியும்

தூரதேசப் பிரயாணம் செய்து திரும்புகிறவர்கள் பட்டோ பொம்மையோ வாங்கிவந்து நண்பர்களுக்குக் காட்டுவது வழக்கம். நாம் இத்தாலியிலிருந்து கொண்டுவந்தது ஒரு பதார்த்தத்தின் ஞாபகம் ஒன்றுதான். சுங்கச் சாவடியில் அதற்குத் தடையில்லை. அதை நம் சமையற்கட்டில் உயிர்ப்பிக்க முயன்றபோதுதான் சங்கடம் ஆரம்பமாயிற்று.

ரோமாபுரியில் டைபர் நதிக்கு அக்கரையில் டிராஸ்டெவெரே என்று ஒரு பழைய பேட்டை இருக்கிறது. அங்கே சந்து சந்தாகச் சுற்றிக் கால் ஓய்ந்து, ஒரு சிறு போஜனசாலைக்குள் நுழைந்தோம். மாமிசம் சேராத பண்டம் எது என்று விசாரித்தோம். பரிமாறிய அம்மாள், "காச்சோ எ பேப்பே" என்றாள். தட்டில் வந்ததோ வெளுத்த கோதுமை இழைகள். அவற்றின்மேல் கருமையான மிளகுத் தூள். தக்காளி இல்லை, வெங்காயம் இல்லை, ஒரு சொட்டு எண்ணெயும் இல்லை. பார்வைக்குப் பரம ஏழை. வாயில் வைத்த பிறகோ, நாம் தட்டு காலியாகும் வரையில் தலை நிமிரவில்லை.

'காச்சோ' என்றால் பாலாடைக்கட்டி. 'பேப்பே' என்றால் மிளகு. மலைச்சாரலில் ஆடு மேய்த்தவர்கள் மூட்டையில் கட்டிச் சென்ற கெடாத பண்டங்களிலிருந்து பிறந்த உணவு இது என்று அவ்வூரார் சொல்லுகிறார்கள். அந்த மிளகுக்கும் நமக்கும் உறவு பழையது. பிப்பலி என்ற நம் நாட்டுப் பெயரே கிரேக்கர் வழியாகச் சென்று அங்கே 'பேப்பே' ஆயிற்று. சேர நாட்டு முசிறித் துறையில் ரோமானியர் பொன்னைக் கொட்டி மிளகை அள்ளிச் சென்றார்கள். இந்தியா வருஷந்தோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயங்களை விழுங்குகிறதே என்று முதல் நூற்றாண்டில் பிளினி என்ற ரோமானிய ஆசிரியர் அங்கலாய்த்தார். 408-ஆம் ஆண்டில் அலாரிக் என்ற காத்தியத் தலைவன் ரோமாபுரியை முற்றுகையிட்டபோது, பொன் வெள்ளியோடு 3,000 ராத்தல் மிளகையும் கப்பமாகக் கேட்டான்.

இத்தனை சரித்திரத்தையும் நண்பர் தம்பதிகளுக்கு விஸ்தாரமாகச் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அழைத்துவிட்டோம். ஆட்டுப்பாலில் செய்த 'பெக்கோரினோ ரோமானோ' என்ற கட்டியை, விலையைக் கேட்டு மூச்சை அடக்கிக்கொண்டு, பட்டணத்துக் கடையில் வாங்கினோம். இழைகளை வேகவைத்து, நீரை ஒட்ட வடித்துக் கொட்டினோம். அடுப்பின்மேல் கொதிக்கிற சட்டியிலேயே துருவிய கட்டியைத் தூவிக் கிளறினோம். மறுகணம் அது திரிந்து, ரப்பர் உருண்டைகளாகிக் கரண்டியைப் பற்றிக்கொண்டது. நண்பர் தட்டைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். "ரோமாபுரியின் இடிபாடுகளைப் படத்தில் பார்த்திருக்கிறேன், தட்டில் பார்ப்பது இதுவே முதல் தடவை" என்றார்.

அவர்கள் போன பிறகு நம் தாயார் சட்டியை எட்டிப் பார்த்தாள். "ஏண்டா, வடித்த கஞ்சி எங்கே?" என்றாள். கொட்டிவிட்ட செய்தியைச் சொன்னோம். "மோர்க்குழம்பைத் தளதளவென்று கொதிக்கவிடுவார்களா? திரியாமலிருக்கத்தானே அரிசியும் பருப்பும் அரைத்துவிடுகிறோம்? நுரை கூடினதும் இறக்க வேண்டாமா? மோருக்கு உள்ள நியாயந்தானே இதற்கும்?" என்றாள். இத்தாலியை அவள் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

ஆனால், 2025-இல் இத்தாலியப் பௌதிக சாஸ்திரிகள் சிலர் இதே விஷயத்தை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். சுமார் 65 டிகிரிக்கு மேல் சூடேறினால் கட்டியிலுள்ள புரதம் ஒன்றோடொன்று பிணைந்து உருண்டையாகிவிடும். கட்டியின் எடையில் நூற்றுக்கு 2 அல்லது 3 பங்கு மாச்சத்து சேர்ந்தால் அப்படி நேராமல் குழம்பு வழவழப்பாக நிற்கும் என்பது அவர்கள் முடிவு. சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆராய்ச்சிகளுக்கு வழங்கும் 'இக் நோபல்' பரிசும் அவர்களுக்குக் கிடைத்தது. நம் தாயாருக்குப் பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை.

அவள் சொன்னபடி மறு ஞாயிறு செய்த முறை இது. இருவருக்கு 200 கிராம் ஸ்பகெட்டி, 100 கிராம் கட்டி, ஒன்றரைத் தேக்கரண்டி மிளகு போதும். மிளகை வெறும் சட்டியில் வாசனை வரும்வரை வறுத்துக் கரகரப்பாக இடித்துக்கொள்ளவும். தண்ணீரைக் குறைவாக வைத்து இழைகளை வேகவிட்டால் கஞ்சி கெட்டியாகக் கிடைக்கும். கட்டியிலேயே உப்பு உண்டாதலால் உப்பைக் குறைத்தே போடவும். கட்டியை மாவுபோல் துருவி, சற்று ஆறிய கஞ்சியை விட்டுச் சந்தனம்போல் குழைத்து வைக்கவும். மிளகோடு ஒரு கரண்டிக் கஞ்சி சேர்த்து, அரைப்பதம் தாண்டிய இழைகளை அதில் வேகவிட்டுச் சட்டியை இறக்கவும். ஒரு நிமிஷம் பொறுத்து, குழைத்ததைக் கொட்டிக் கிளறவும். பொறுக்கும் அந்த ஒரு நிமிஷத்தில்தான் வித்தை முழுவதும் இருக்கிறது. ஆறுவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

டிராஸ்டெவெரேயில் உண்ட அதே ருசி வந்துவிட்டது. தாயாருக்கு ஒரு தட்டில் எடுத்துவைத்தோம். "இந்தப் பாலை எதை விட்டு உறைய வைக்கிறார்கள்?" என்று கேட்டாள். அதை நாம் ரோமாபுரியிலும் கேட்கவில்லை, கடையிலும் கேட்கவில்லை. தேடிப் பார்த்தபோது, இந்தக் கட்டிக்கு ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளே விதி என்று தெரிந்தது. சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் சபலம் தட்டியது வாஸ்தவம். சொல்லிவிட்டோம். சைவ நேயர்களும் அறிந்துகொள்வது நல்லது. தாவரப் பொருளால் உறையவைத்த கட்டிகளும் கடைகளில் உண்டு, ருசி மட்டும் சற்று மாறும்.

தாயார் கோபிக்கவில்லை. அடியில் மீதியிருந்த வெறும் இழைகளை எடுத்து, நெய்யும் உப்பும் இடித்த மிளகும் போட்டுப் பிசைந்து சாப்பிட்டாள். "நன்றாய்த்தான் இருக்கிறது. மிளகு நம்முடையதுதானே!" என்றாள்.