விசில் குறையட்டும், கும்மி கேட்கட்டும்

கோவை பத்திரப்பன் ஐயாவுக்கு 2024ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. அவர் சொல்லிக் கொடுத்து வளர்த்த வள்ளி ஒயில் கும்மியை இன்னைக்கு ரெக்கார்டிங்ல கேட்டா, பாட்டை விட விசில்தான் காதுல ஏறுதுங்க.

காரணம் இருக்கு. நேர்ல நிக்கும்போது ரெண்டு காதும் மூளையும் சேர்ந்து, சத்தம் வர்ற திசையை வச்சு வேண்டாததை ஒதுக்கிடும். ஒத்தை மைக்குக்கு அது முடியாது. போதாக்குறைக்கு, நம்ம காதுக்குழாய் 3000 ஹெர்ட்ஸ் பக்கம் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும். விசிலும் அந்தப் பக்கம்தான்.

அதுக்காகக் கூட்டத்தையே துடைச்சு எடுத்துடாதீங்க. நாய்ஸ் ரிடக்‌ஷனை அழுத்திப் போட்டா ஆடுறவங்க கைத்தட்டும் சேர்ந்து மங்கிடும். கும்மிக்கு அதுதானே தாளம்!

கூட்டத்துக்குத் தனி மைக் வைங்க. பாட்டு ஓடும்போது அதை இறக்குங்க, முடியும்போது ஏத்துங்க. நாளைக்குக் கத்துக்கப்போற பிள்ளைக்கு இந்த ஆடியோதானுங்க வாத்தியார்.