அடுக்களையில் ஒரு தவக்காலம்

“சாமான் விலை ஏறிவிட்டது” என்று சலித்துக்கொள்ளாத தலைமுறை இந்நாட்டில் இல்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942இல், பங்கீட்டு முறை நம் வீடுகளுக்குள் நுழைந்தது. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்ட் 12ஆந் திகதி நாடு முழுவதும் ஹர்த்தால் நடந்தது. அவ்வாண்டு முடியுமுன் பிரதமர் டட்லி சேனாநாயக்கா பதவி துறந்தார். 1970களில் பாணுக்காக விடியற்சாமத்தில் வரிசை நின்ற கதையை நம் பெற்றோர் இன்னும் மறந்திலர். ஆகவே 2022ஆம் ஆண்டு நம்மீது வந்து விழுந்த துன்பத்தை இதற்குமுன் எவரும் காணாதது என்று கூறுவதற்கில்லை. ஆனால் அத்துன்பத்தின்போது, வத்தளையில் என் அயல்வீட்டாராகிய ஒரு கிறித்தவக் குடும்பத்தாரிடம் நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுண்டு. அதனை எழுதப் புகுந்தால் என் குறையொன்றையும் எழுத வேண்டியிருக்கும். ஆயினும் எழுதுகிறேன்.

முதலில் அக்காலத்துக் கணக்கைச் சற்று நினைவூட்டுதல் வேண்டும். கல்லூரியிலே பொருளியல் கற்பிப்பவன் நான். கணக்கைக் கூறாமல் கதையைக் கூற என்னால் இயலாது. 2021 நடுப்பகுதியில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியதாயினும், அதற்குள் வயல் பட்ட பாடு நெல் விளைச்சலில் தெரிந்தது. அந்நியச் செலாவணியோ வற்றிக்கொண்டே வந்தது. டொலர் இல்லாவிடில் பால்மா இல்லை, எரிவாயு இல்லை, கோதுமை இல்லை, மருந்தும் இல்லை. 2022 மார்ச்சு 7ஆந் திகதி ரூபாவின் பிடி தளர்த்தப்பட்டது. அதுவரை ஏறத்தாழ 203 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 350 ரூபாவையும் தாண்டிற்று. 2021 செப்தெம்பரில் 380 ரூபாவுக்கு விற்ற 400 கிராம் பால்மாப் பைக்கட்டு, 2022 மார்ச்சில் 790 ரூபாவாயிற்று. 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சமையல் எரிவாயு, 2022 ஏப்ரில் முடிவில் 4,860 ரூபாவாயிற்று. அவ்விலை கொடுக்கச் சித்தமாயிருந்தவர்க்கும் பொருள் கிடைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். வெற்றுச் சிலிண்டர்கள் வீதியோரத்தில் சங்கிலியிட்டு நாட்கணக்காக வரிசை காத்தன.

என் அயல்வீட்டில் ஐவர். அலுவலகம் ஒன்றில் மாதச் சம்பளம் பெறும் கணவர், நான் அக்கா என்றழைக்கும் அவருடைய மனைவி, பள்ளி செல்லும் இரு பிள்ளைகள், எழுபது கடந்த ஆச்சி. சம்பளம் நின்ற இடத்தில் நிற்க, விலை மட்டும் ஓடினால் எக்குடும்பமும் படும் பாட்டினை அவர்களும் பட்டார்கள். 2021 நத்தாருக்கே அவ்வீட்டில் கேக் இல்லை. ரவையும் முந்திரிப்பருப்பும் முட்டையும் பட்டரும் சேர்ந்து வாங்கப் புகுந்தால், அரை மாத அரிசிக் காசு போய்விடும். அக்கா அரிசிமாவில் கொக்கிஸ் சுட்டு, வழக்கம்போல ஒரு தட்டினை மதிலுக்கு மேலாக எங்கள் வீட்டுக்கு நீட்டினார். தட்டு வழக்கத்திலும் சிறியது. அதன்மேல் விரித்திருந்த துணி மட்டும் வழக்கமான அதே துணி.

2022 மார்ச்சு முதலாந் திகதி சிவராத்திரி. மறுநாள் அவர்களுக்கு விபூதிப் புதன். முதல்நாளிரவு நோன்பிருந்து நான் நீறு பூசிய நெற்றியோடு நிற்க, மறுநாட் காலை அவர்கள் கோயிலிலிருந்து சாம்பற் சிலுவை இட்ட நெற்றியோடு திரும்பினார்கள். அன்று தொடங்குவது நாற்பது நாள் தவக்காலம். கத்தோலிக்க ஒழுங்கின்படி விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி நாட்கள். அந்நாட்களில் ஒருவேளை மட்டுமே முழு உணவு. தவக்கால வெள்ளிகளில் இறைச்சி தவிர்ப்பர். ஒருசந்திக் கடமை 18 வயதிலிருந்து 59 வயது வரைதான். ஆச்சிக்கு அது கடமையன்று. ஆயினும் அவர் விட்டதில்லை.

அவ்வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. தவக்காலத்தில் இறைச்சியும் இனிப்பும் வாங்காது விடுவதால் மீதமாகும் காசை ஒரு சிறு அட்டைப் பெட்டியிலிட்டு, ஈஸ்டருக்கு முன் ஏழைகளுக்கெனக் கோயிலில் ஒப்படைப்பார்கள். அவ்வாண்டு பெட்டியை வெளியில் எடுத்தபோது மூத்த பிள்ளை கேட்ட கேள்வி நியாயமானதே. “இறைச்சி வாங்கி மூன்று மாசமாச்சு. இனி எதை விட்டு, எந்தக் காசைப் பெட்டியில் போடுறது?”

ஆச்சி சொன்ன மறுமொழியை அக்கா எனக்குக் கூறினார். நான் அதனை இன்றுவரை மறக்கவில்லை. “இல்லாததை விடுறது நோன்பில்லை, மகன். அது விலை நமக்குப் போடுற பட்டினி. இருக்கிறதிலே ஒரு பங்கை எடுத்துக் குடுக்கிறதுதான் நோன்பு.”

பட்டினிக்கும் நோன்புக்கும் உள்ள வேறுபாட்டினை இதனினும் தெளிவாக நான் கேட்டதில்லை. இரண்டிலும் வயிறு காய்வது ஒன்றே. முன்னதில் மனிதன் காலத்துக்கு அடிமை. பின்னதில் அவன் தனக்குத் தானே தலைவன்.

அச்சொல்லை அவர்கள் வெறும் உபதேசமாக விட்டுவிடவில்லை. எரிவாயு தீர்ந்த வாரத்தில் அக்கா என் மனைவியிடம் ஒரு யோசனை கூறினார். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் எப்போதும் மரக்கறி. தவக்காலத்து வெள்ளிகளில் அவர்கள் வீட்டிலும் இறைச்சி இல்லை. இரண்டு அடுப்புகள் எரிவானேன்? அவர்கள் முற்றத்தில் மூன்று கல் வைத்து, தென்னம்பாளையும் சிரட்டையும் எரித்து, ஒரே அடுப்பில் இரு வீட்டுச் சோறும் பொங்கிற்று. விலையேறிய பருப்பை முன்னிரவே ஊறவிட்டார்கள். பாதி வெந்த பானையை இறக்கி மூடிப் பழைய போர்வையால் இறுகச் சுற்றிவைத்தால், மீதி வேக்காட்டைப் பானையின் சூடே பார்த்துக்கொள்ளும் என்பதை ஆச்சி காட்டிக்கொடுத்தார். கோதுமை மா இல்லாத நாட்களில் ஈரப்பலாவும் மரவள்ளியும் கைகொடுத்தன. மரவள்ளியைத் தோலுரித்து, பானையை மூடாது, நிறைந்த நீரில் நன்றாக அவித்து, அந்த நீரை வடித்துவிட வேண்டும் என்பது 1970களில் ஆச்சி கற்ற பாடம். அக்கிழங்கிலுள்ள நச்சுத்தன்மை ஆவியோடும் நீரோடும் நீங்கும் என்பதே அதன் காரணம். ஐந்து வெள்ளிகள் இவ்வாறு கழிந்தன. வரிசையில் நின்று முகம் சிறுத்த மனிதர் பலர் வாழ்ந்த அவ்வீதியில், எங்கள் இரு வீட்டுப் பிள்ளைகளுக்கும் வெள்ளிக்கிழமை ஒரு விழாவாயிற்று.

இனி என் குறையைக் கூறுகிறேன்.

மார்ச்சு மாத நடுவில் ஒரு கடைக்காரர், தெரிந்தவர் என்ற உரிமையால், என்னைக் கடையின் பின்புறம் அழைத்து, “மாஸ்டர், அஞ்சு பைக்கட் இருக்கு. இப்ப எடுக்காட்டிப் பிறகு கிடையாது” என்றார். எங்கள் வீட்டிலும் சிறு பிள்ளை உண்டு. கடன் வாங்கி ஐந்தையும் எடுத்துக்கொண்டு, யாரும் காணாதபடி பழைய புத்தகங்களின் கீழே வைத்துப் பொதியாகக் கட்டி வீடு சேர்ந்தேன். நான்கு பைக்கட்டுகள் அலுமாரியின் மேற்தட்டில், சட்டைகளுக்குப் பின்னே, பதுங்கிக்கொண்டன. நான் செய்தது பதுக்கல் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. தந்தையின் கடமை என்றே தோன்றிற்று.

நாலைந்து நாள் கழித்து, மின்வெட்டு இரவொன்றில், அக்கா கையில் ஒரு மெழுகுவர்த்தியோடும் ஒரு போத்தலோடும் வந்தார். போத்தலில் பாதியளவு பால்மா. “மாஸ்டர், மூணு மணித்தியாலம் நின்று ஒரு பைக்கட் கிடைச்சுது. பாதி உங்கட சின்னவனுக்கு. வேணாம் என்று சொல்லாதீங்க, ஆச்சி ஏசுவா” என்றார்.

என் மனைவி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அலுமாரிக்கும் எங்களுக்கும் இடையே பத்தடி தூரம் இருந்திருக்கும். அக்கா சென்ற பின்னரும் நெடுநேரம் எங்களுள் எவரும் பேசவில்லை. ‘இருக்கிறதிலே ஒரு பங்கு’ என்ற ஆச்சியின் சொல், அந்த இருட்டிலே, எனக்காகவே சொல்லப்பட்டதுபோல் ஒலித்தது.

அன்றிரவு நான் மாணவனாகி ஒரு கணக்குப் போட்டேன். எங்கள் ஒழுங்கையில் இருபது வீடுகள். கடைக்கு வாரம் இருபது பைக்கட்டுகள் வருவதாகக் கொள்வோம். வீட்டுக்கு ஒன்று வாங்கினால் எவருக்கும் குறைவில்லை. நான்கு வீட்டார் அச்சத்தால் ஐவைந்து வாங்கினால், மீதிப் பதினாறு வீட்டாரும் வெறுங்கையோடு திரும்புவர். அந்தப் பதினாறு பேருடைய அச்சம் அடுத்த வாரம் அதிகாலையிலேயே வரிசையில் வந்து நிற்கும். கப்பல் வராமையால் நேர்ந்த தட்டுப்பாடு பாதியென்றால், நம் நெஞ்சு படபடப்பால் நேர்ந்தது மீதி. 2021 ஆகஸ்ட் முடிவில் அவசரகால விதிகளைக் கொண்டுவந்து, சீனியும் அரிசியும் பதுக்கிய வணிகர்களைத் தேடியபோது, நான் வகுப்பறையில் நின்று அவ்வணிகர்களைக் கடிந்து பேசியவன். மூன்று மணித்தியாலம் கால் கடுக்க நின்றவருக்கு, களஞ்சியத்து மூட்டைக்கும் என் அலுமாரிப் பைக்கட்டுக்கும் வேறுபாடு யாது? அளவில் உண்டு, இயல்பில் இல்லை.

மறுநாட் காலை இரண்டு பைக்கட்டுகளை எடுத்துக்கொண்டு மதிலோரம் சென்று, நடந்ததை அக்காவிடம் ஒளியாது கூறினேன். அவர் சிரிக்கவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. ஒன்றை வாங்கிக்கொண்டு, “மற்றதை ஒழுங்கை முடிவிலே கைக்குழந்தையோட இருக்கிற வீட்டுக்குக் குடுங்க” என்று சொல்லி உள்ளே போய்விட்டார். அவ்வீட்டார் எம்மதத்தினர் என்பதை அவர் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை.

அவ்வாண்டு ஏப்ரில் 12ஆந் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுப்பதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. 14ஆந் திகதி நம் புத்தாண்டு. 15ஆந் திகதி பெரிய வெள்ளி. 17ஆந் திகதி ஈஸ்டர். இஸ்லாமிய அன்பர்களுக்கோ ரமழான் நோன்பு நடந்துகொண்டிருந்தது. கடன் இறுக்க இயலாத நாட்டிலே, அண்டை வீட்டாருக்குக் கடன்பட்டவராய், எல்லா மதத்தாரும் ஒருங்கே நோற்ற வாரம் அது. ஆச்சியின் அட்டைப் பெட்டி அவ்வாண்டும் கோயிலுக்குப் போயிற்று. அதனுள் எவ்வளவு இருந்தது என்று நான் கேட்கவில்லை.

இதனைப் படிக்கும் மாணவர்கள் ஒன்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். 2022 செப்தெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் நூற்றுக்கு 94.9 ஆக உச்சமடைந்தது. முந்திய ஆண்டில் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவுக்கு ஏறத்தாழ 195 ரூபா. நாட்டில் 63 இலட்சம் பேர் போதிய உணவின்றி இருந்தனர் என உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய நிறுவனமும் அம்மாதம் மதிப்பிட்டன. 2023 ஜூலையில் பொதுப் பணவீக்கம் 6.3 வீதத்துக்கு இறங்கியது. உடனே, “விலை குறைந்துவிட்டது” என்று பலர் நினைத்தார்கள். குறைந்தது விலையன்று, விலை ஏறும் வேகமே. மாடிப்படியில் ஓடி ஏறியவன் மெல்ல ஏறத் தொடங்கினான் என்பதற்காக, அவன் கீழே இறங்கிவிட்டான் என்று கூறலாமா? ஆகையினாற்றான் நெருக்கடி நீங்கியதாகக் கூறப்பட்ட பின்னரும் இல்லத்தரசிகளின் பெருமூச்சு நீங்கவில்லை. தட்டுப்பாடும் ஒரேயடியாக விடைபெற்றுச் சென்றுவிடவில்லை. 2025இல், நாற்புறமும் கடல் சூழ்ந்த இத்தீவு, மழையால் உப்பு விளைச்சல் கெட்டு, உப்பையே இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்ததை நாம் கண்டோம்.

“அப்படியானால் வீட்டிலே எதையும் சேர்த்து வைக்கலாகாதா?” என்று ஒருநாள் ஆச்சியிடமே கேட்டேன். அவர் விவிலியத்திலுள்ள யோசேப்பின் கதையைச் சொன்னார். எகிப்திலே விளைச்சல் மிகுந்த ஏழாண்டுகளில் ஐந்திலொரு பங்கு தானியம் ஒதுக்கப்பட்டது. பஞ்சம் வந்த ஏழாண்டுகளில் அக்களஞ்சியங்கள் திறக்கப்பட்டன. நிறைந்த காலத்தில் சேர்ப்பது சேமிப்பு. அதனால் எவருடைய பங்கும் குறைவதில்லை. குறைந்த காலத்தில் சேர்ப்பது பதுக்கல். அதில் ஒவ்வொரு பிடியும் பிறர் கலத்திலிருந்து வருவது. பொருள் ஒன்றே, அலுமாரியும் ஒன்றே. காலம்தான் ஒன்றை அறமாகவும் மற்றொன்றைப் பிழையாகவும் ஆக்குகிறது. ஆகவே கடையில் சாமான் தாராளமாயிருக்கும் நாட்களில், வாரந்தோறும் ஒரு பிடி அரிசியும் பருப்பும் கூடுதலாக வாங்கி வையுங்கள். தட்டுப்பாடு வரும்போது அன்றைய தேவையோடு நின்றுகொள்ளுங்கள்.

அக்காவின் செலவுக் கொப்பியை ஒருநாள் காண நேர்ந்தது. பக்கம் நான்கு நிரல்களாகக் கோடிடப்பட்டிருந்தது. ‘கட்டாயம்’, ‘குறைக்கலாம்’, ‘விடலாம்’ என்பன முதல் மூன்று. நான்காவதன் தலைப்பு ‘மற்ற வீடு’. சில மாதங்களில் அந்நிரலில் ஒரு தேங்காய் மட்டுமே எழுதப்பட்டிருந்தது. ஒரு மாதத்தில் ‘பால்மா, அரைப் பைக்கட்’ என்றிருந்தது. எந்த மாதத்திலும் அந்நிரல் வெறுமையாக இருக்கவில்லை.

இப்போது எங்கள் வீட்டுக் கொப்பியிலும் நான்கு நிரல்கள் உண்டு.