பாட்டுக்கும் வேண்டும் ஒரு டே-எண்ட்

முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் உட்கார்ந்து இசை செய்கிறவர்களின் பாட்டுகள் பாதியில் நிற்பதற்குக் காரணம் ஞானக் குறைவு இல்லை, கணக்கை முடிக்கும் பழக்கம் இல்லாததுதான்.

பி.காம். படித்து பேங்கில் ஃபைல் தள்ளுகிறவனுக்கு இது என்ன வேலை என்று கேட்பீர்கள். வீட்டம்மாவும் கேட்டு ஓய்ந்துவிட்டார். நாக்பூருக்கு மாற்றலாகி வந்தபின் ஒட்டிக்கொண்ட ஆசை இது. சாம்ப்ளர் என்பது எந்தச் சத்தத்தையும் பதிவு செய்து, துண்டு போட்டு, ரப்பர் பேடுகளில் ஏற்றி விரலால் தட்டி வாசிக்கும் பெட்டி. என்னிடம் இருப்பது 2021-ல் வந்த ரோலண்ட் எஸ்பி-404 எம்கே2. ஒரு ப்ராஜெக்டுக்கு 10 பேங்க், பேங்குக்கு 16 பேடு, ஆக 160 சத்தங்கள். ஆமாம், இதிலும் பேங்க்தான், விட்டபாடில்லை :-)

இந்த 160-தான் வில்லங்கம். 1987-ல் வந்த ஈமு எஸ்பி-1200-ல் மொத்தமே சுமார் 10 விநாடிதான் பதிவு செய்ய முடியும். இடத்தை மிச்சம் பிடிக்க, 33 வேக இசைத்தட்டை 45-ல் ஓட்டிப் பதிந்துவிட்டு, பிறகு சுருதியை இறக்கிக்கொள்வார்கள். 1988-ல் ரோஜர் லின் வடிவமைத்த அகாய் எம்பிசி60-ம் இன்றைய கணக்கில் குருவிக்கூடு. ஆனால் அந்த வகைப் பெட்டியை முதன்மையாக வைத்துத்தான் டிஜே ஷேடோ 1996-ல் ஒரு முழு ஆல்பம் முடித்தார். இடம் குறைவாக இருந்ததால் எதை வைப்பது, எதை விடுவது என்று அங்கேயே முடிவெடுத்தாக வேண்டியிருந்தது. இன்று பெட்டி நம்மை அவசரப்படுத்துவதில்லை. அந்த அவசரத்தை நாமேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

நான் வைத்திருக்கும் விதிகள் இவை.

1. ஒரு பாட்டுக்கு ஒரே ப்ராஜெக்ட். "புதுசு", "புதுசு 2", "கடைசி புதுசு" எல்லாம் கிடையாது.

2. பேங்குகளுக்கு நிரந்தர வேலை. ஏ-யில் தாளம், பி-யில் பேஸ், சி-யில் மெட்டு, டி-யில் குரல், இ-யில் ஊர்ச் சத்தம் (அஜ்னி பக்கத்து ரயில் ஹாரன், மே மாதக் கூலர் இரைச்சல்). எந்தப் பாட்டைத் திறந்தாலும் விரல் தேடாமல் போகும்.

3. கடைசி பேங்க் ஜே, என் சஸ்பென்ஸ் அக்கவுண்ட். முடிவெடுக்க முடியாதது எல்லாம் அங்கே. பாட்டு முடிவதற்குள் அது காலியாக வேண்டும். ஒன்று இடம் கொடு, இல்லை அழி.

4. சத்தம் சேகரிக்கும் நாள் வேறு, பாட்டுக் கட்டும் நாள் வேறு. இரண்டையும் கலந்தால் ஒரு ஞாயிறு முழுக்க ட்ரம் சத்தம் தேடியே போய்விடும்.

5. நீளத்தை முதலிலேயே காகிதத்தில் எழுது. நிமிடத்துக்கு 90 தட்டு, 4 தட்டுக்கு ஒரு பார் என்றால், 56 பார் வாசிக்க ஏறக்குறைய இரண்டரை நிமிடம். 8, 16, 8, 16, 8 என்று பிரித்தால் பாட்டின் எலும்புக்கூடு தயார்.

6. தாளம் பிடித்துவிட்டால் ரீசாம்பிள். நாலைந்து பேடுகளை ஒன்றாக்கி ஒரே பேடில் பதிந்துவிடுவது. டே-எண்ட் ஓடியபின் நேற்றைய வவுச்சரில் கை வைக்க முடியாது இல்லையா, அதேதான். பிறகு எஸ்டி கார்டில் ஒரு பேக்கப்.

7. மேக்கர் வேறு, செக்கர் வேறு. இன்று செய்ததை நாளை கேட்கும்போது பெட்டியைத் தொடக்கூடாது. கையில் பேப்பரும் பேனாவும் மட்டும். மூன்று திருத்தம், அவ்வளவுதான்.

"லெட்ஜர் மாதிரி வைத்தால் இசை வருமா அங்கிள்?" என்கிறான் காலனிப் பையன் ஒருவன். நியாயமான கேள்விதான். ஆனால் ஒழுங்கு கைக்குத்தான், காதுக்கு இல்லை. சமையலறையில் கடுகு டப்பா எங்கே என்று தெரிந்தால் ரசத்தின் ருசி கெட்டுவிடுமா? லேப்டாப்பிலேயே எல்லாம் செய்யலாமே என்பவர்களுக்கும் மறுப்பில்லை. நாள் முழுக்கத் திரையைப் பார்த்தவனுக்கு ராத்திரி இன்னொரு திரை வேண்டாம், அவ்வளவே. விதிகள் இரண்டுக்கும் பொதுதான்.

இதை ஏன் நம் குடும்பங்களுக்கு எழுதுகிறேன்? லீவில் ஊருக்குப் போகும்போது பாட்டி தாலாட்டையும் தாத்தா பேச்சையும் மொபைலில் பிடித்துவருகிறோம். அவை அங்கேயே கிடக்கின்றன. எந்த வயலில் பாடியது, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று சொல்ல ஆள் இருக்கும்வரைதான் அதற்கு உயிர். என் அத்தை கும்மிக்குப் பாடுவதை வைத்து இரண்டரை நிமிடத்தில் ஒன்று முடித்து அனுப்பினேன். கேட்டுவிட்டு, "நடுவுல ஒரு அடிய விட்டுட்டியேப்பா" என்று போனிலேயே அதைப் பாடிக் காட்டினார்கள். எனக்கு அப்படி ஒரு அடி இருப்பதே தெரியாது. அரைகுறையாக வைத்திருந்தால் அவர்களுக்கு அனுப்பியிருக்கவே மாட்டேன், அந்த அடியும் கிடைத்திருக்காது.

நமக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்றல் ஆர்டர் வரும். பெரியவர்களுக்கு வரும் ஆர்டருக்குத் தேதி கிடையாது. ஆகவே, பாட்டு சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, முடித்துக் கொடுங்கள்.