கேல் போட்டால் கலலூ இல்லையா?

இரண்டு வாரமாக மனதில் கிடந்து குடைகிறது. ஒரு பானைக் கீரைக்கு இவ்வளவு பெரிய கட்டுரையா என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். இருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நான் படிக்க வந்து தங்கியிருப்பது பர்மிங்ஹாமில், அக்கா வீட்டில். அத்தான் இங்கேயே பிறந்தவர். அவருடைய அம்மா ஜமைக்காவிலிருந்து சிறுமியாக வந்தவர், அப்பா டிரினிடாட்காரர். அத்தானின் அம்மா எனக்கு என்ன முறை? நம் கணக்குப்படி அத்தை. முதல் நாள் அப்படிக் கூப்பிட்டதும் அர்த்தம் கேட்டார், சொன்னேன். அன்றிலிருந்து 'அத்தை' என்றால்தான் திரும்பிப் பார்க்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அத்தை வீட்டில் பெரிய பானை ஏறும். உள்ளே வெங்காயம், பூண்டு, தைம், பூசணி, வெண்டைக்காய், தேங்காய்ப்பால், இரவே ஊறப்போட்ட உப்புக் கருவாடு. அதற்கு மேல் கொல்லைத் தோட்டத்தில் பறித்த ஒரு கூடை கேல். வீட்டில் அதற்குப் பெயர் கலலூ. நாற்பது வருடமாக அந்தப் பெயர்தான்.

இரண்டு வாரத்துக்கு முன் விருந்துக்கு வந்த ஒரு தூரத்து உறவுக்காரர் (பெயர் வேண்டாம், நல்ல மனிதர்தான், வாய்தான் நீளம்) ஒரு கரண்டி சாப்பிட்டார், தட்டைத் தள்ளி வைத்தார். "இது இங்கிலீஷ்காரன் மாட்டுக்குப் போடுகிற இலை. இதைக் கலலூ என்று சொல்லாதே. நம் பாட்டிகள் கேட்டால் அழுவார்கள்." மேசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அத்தையும் சிரித்த மாதிரி இருந்தது. அடுத்த ஞாயிறு பானைக்குப் பக்கத்தில் இரண்டு தகர டப்பாக்கள் கிடந்தன. உப்புத் தண்ணீரில் அடைத்து ஜமைக்காவிலிருந்து வருகிற டப்பாக் கலலூ. தோட்டத்தில் கேல் இடுப்பளவு நிற்கிறது, ஒரு இலை பறிக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அவன் சொன்னது சரிதானே" என்றார்.

சரியில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் எது கலலூ? ஜமைக்காவில் கலலூ என்றால் நம் ஊரில் வேலியோரம் தானாக முளைக்கும் குப்பைக்கீரையும் அதன் சொந்தக்காரர்களும், அதாவது தண்டுக்கீரைக் குடும்பம். வெங்காயம், தக்காளி, தைம், ஸ்காட்ச் பானெட் மிளகாய் போட்டு ஆவியில் வதக்குவார்கள், கருவாடும் சேரும். காலைச் சாப்பாட்டுக்கு அதுதான். டிரினிடாடில் போய்க் கலலூ கேட்டால் முற்றிலும் வேறு ஒன்று வரும். அங்கே இலை சேப்பங்கிழங்கு இலை. வெண்டைக்காயும் தேங்காய்ப்பாலும் சில வீடுகளில் நண்டும் சேர்த்து வேகவைத்து, மரக்கோலால் கடைந்து, பச்சைக் குழம்பாக ஊற்றுவார்கள். கடைகிற கோலுக்கு அங்கே 'தால் குட்னி' என்று பெயர். 1845-இல் தொடங்கி இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்கள் கொண்டுசேர்த்த பெயர் அது. பருப்புக் கடையும் மத்துதான், வேறொன்றுமில்லை. அத்தை வீட்டில் அதை முதலில் பார்த்தபோது என் பாட்டியின் கீரை மத்து ஞாபகம் வந்து ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை.

ஆக, ஒரே பெயர், இரண்டு தீவு, இரண்டு இலை. தாவர சாஸ்திரப்படி ஒன்றுக்கொன்று எட்டாத சொந்தம். ஜமைக்காக்காரர் டிரினிடாட் கலலூவைப் பார்த்து இது போலி என்று தட்டைத் தள்ளுவதில்லை. "உங்க ஊரில் இப்படியா" என்று கிண்டல் செய்துவிட்டுச் சாப்பிடுகிறார். அத்தைக்கும் மாமாவுக்கும் கல்யாணமான புதிதில் இதில் பெரிய சண்டையே நடந்ததாம். கடைசியில் ஜமைக்கா கருவாடும் டிரினிடாட் தேங்காய்ப்பாலும் ஒரே பானைக்குள் வந்து சமாதானமாயின. அந்த வீட்டுக் கலலூ பிறந்ததே இப்படித்தான். இதில் மூன்றாவதாக ஓர் இலை வந்தால் மட்டும் என்ன குடி முழுகிவிட்டது?

அடுத்து 'அசல்' என்கிற வார்த்தை. அத்தையின் பானைக்குள் இருப்பதை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைப்போம். கருவாடு: வட அட்லாண்டிக் குளிர்கடலில் பிடிக்கிற காட் மீன். நியூஃபவுண்ட்லாந்து, நோவா ஸ்கோஷியா பக்கத்திலிருந்து, ஐரோப்பியச் சந்தையில் விலை போகாத மட்ட ரகத்தைக் கப்பலில் ஏற்றி, கரும்புத் தோட்ட அடிமைகளுக்குத் தீனியாக அனுப்பினார்கள். கரீபியக் கடலில் அந்த மீனே கிடையாது. தேங்காய்: ஐரோப்பியர் வந்த பிறகுதான் அந்தத் தீவுகளுக்குப் போனது. வெண்டைக்காய் ஆப்பிரிக்கா. தைம் மத்தியதரைக்கடல் ஓரம். ஜமைக்காவின் தேசிய உணவான அக்கீ-கருவாட்டில் அக்கீ மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டில் வந்தது. பலாவுக்குத் தம்பி மாதிரி இருக்கும் பிரெட்ஃப்ரூட்டை 1793-இல் கேப்டன் பிளை டஹிட்டியிலிருந்து கொண்டுவந்து இறக்கினார். எதற்கு? அடிமைகளுக்குச் செலவில்லாமல் சோறு போட. மாமரம்கூட 1782-இல்தான் ஜமைக்காவுக்குப் போனது, பிடிபட்ட ஒரு பிரெஞ்சுக் கப்பலிலிருந்து. இதில் மண்ணின் மைந்தன் என்று நெஞ்சு நிமிர்த்தக்கூடியது அந்த மிளகாய் ஒன்றுதான், கூடவே பூசணியையும் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம்.

யாரோ எதற்கோ தள்ளிவிட்டதை எல்லாம் எடுத்து, ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கவைக்கிற சாப்பாடாக ஆக்கினார்களே, அந்தப் பெண்களுடைய கைதான் கரீபியச் சமையல். கப்பல் எதைக் கொண்டுவந்ததோ அது, மண் எதைக் கொடுத்ததோ அது. மட்டக் கருவாடு கலலூவுக்குள் போகலாம், மாட்டுத்தீவன இலை மட்டும் போகக்கூடாதா? (கேல் இங்கே பல காலம் மாட்டுத்தீவனமாக விளைந்தது உண்மைதான். அதை வைத்து அவமானப்படுத்த நினைத்தவருக்கு, தன் தட்டிலிருந்த கருவாட்டின் பூர்வீகம் தெரியவில்லை.)

இன்னொரு கதை. டொமினிகா என்ற சின்னத் தீவின் தேசிய உணவு ரொம்ப நாளாக 'மலைக்கோழி'. கோழி என்று பெயர், ஆனால் அது ஒரு பெரிய தவளை. 2002 வாக்கில் வந்த ஒரு பூஞ்சை நோயில் தவளைகள் ஏறக்குறைய துடைத்தெறியப்பட்டன. 2013-இல் அந்த நாடு தேசிய உணவையே மாற்றிக்கொண்டது. எதை வைத்தார்கள் தெரியுமா? கலலூவைத்தான். ஒரு நாடே, இல்லாததை விட்டுவிட்டு இருப்பதைக் கொண்டாடக் கற்றுக்கொண்டது. பர்மிங்ஹாமில் ஒரு பாட்டிக்கு அந்த உரிமை இல்லையாம்.

இனி தோட்டத்துக்கு வருகிறேன், எனக்கு இதுதான் முக்கியம். தண்டுக்கீரை வெயில் பயிர். சூடு ஏற ஏற வளரும். இங்கேயும் ஜூன் ஜூலையில் விதைத்தால் நன்றாகவே வருகிறது, அத்தை வருடாவருடம் ஒரு பாத்தி போடுகிறார். ஆனால் அக்டோபரில் முதல் உறைபனி விழுந்த மறுநாள் காலை போய்ப் பாருங்கள், கொதிதண்ணீர் ஊற்றின மாதிரி கறுத்துத் தொங்கும். அதோடு அடுத்த கோடை வரை கலலூ கிடையாது. கேல் நேர் எதிர். பனி விழுந்த பிறகுதான் அதற்கு ருசியே. குளிரில் உறைந்துவிடாமல் இருக்க அந்தச் செடி தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது, இலை இனிக்கிறது. டிசம்பரில் பனியைத் தட்டிவிட்டுப் பறிக்கலாம். புறா கொத்தாமல் ஒரு வலை, புழுவுக்கு உப்புத் தண்ணீரில் ஒரு முக்கு, அவ்வளவுதான் பராமரிப்பு.

அத்தையின் அம்மா 1960களில் இந்த ஊருக்கு வந்தபோது கடையில் டப்பாவும் இல்லை, விதையும் இல்லை. முட்டைக்கோஸின் வெளி இலை, பசலை, கேல் என்று கைக்குக் கிடைத்ததை வைத்துத்தான் ஞாயிற்றுக்கிழமையைக் காப்பாற்றினார். அந்த அம்மாளிடம் போய் "இது கலலூ இல்லை" என்று யாராவது சொல்லியிருந்தால், கரண்டி பறந்திருக்கும் என்று அத்தான் சொல்கிறார். மகள் கொஞ்சம் மென்மையானவர். அதனால் டப்பா வாங்கப் போய்விட்டார். உப்புத் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறிக் குழைந்த இலை அசல், அரை மணி முன்னால் தன் கையால் பறித்தது போலியா? என்ன கணக்கு சார் இது?

அந்த உறவுக்காரர் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். அவர் பயப்படுவது அத்தையைப் பார்த்து அல்ல. 2010களில் கேலுக்கு ஒரு பேய் பிடித்தது, நினைவிருக்கும். சூப்பர்ஃபுட், ஸ்மூத்தி, சிப்ஸ். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு, தேங்காய்ப்பால் கொழுப்பு என்று எடுத்துவிட்டு, கருவாடு நாறும் என்று எடுத்துவிட்டு, மிளகாய் காரம் என்று எடுத்துவிட்டு, எலுமிச்சை பிழிந்த பச்சைக் கேலைத் தட்டில் பரப்பி 'கரீபியன்' என்று எழுதி வைக்கிற கூட்டம் ஒன்று உண்டு. ஒரு ஜனத்தின் உழைப்பையும் கரும்பையும் எடுத்துக்கொண்டவர்கள் கடைசியில் சாப்பாட்டின் பெயரையும் எடுத்துக்கொண்டால் கோபம் வரத்தான் செய்யும். வரட்டும். ஆனால் அந்தக் கோபத்தை அங்கே போய்க் காட்டவேண்டும். விலைச்சீட்டு வைத்தவனிடம் வாய் திறக்காமல், நாற்பது வருடமாக அடுப்படியில் நின்று அந்தப் பெயரைக் கட்டிக்காத்தவரிடம் வந்து காட்டுவது வீரம் இல்லை.

அதே சமயம், கேலை எப்படி வேண்டுமானாலும் சமைத்துவிட்டுக் கலலூ என்று சொல்லலாம் என்று நான் வாதாடவில்லை. அந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். போன குளிர்காலத்தில் அத்தைக்கு உடம்பு சரியில்லாதபோது 'நமக்குத் தெரியாத கீரையா' என்று இறங்கி, நம்மூர்த் தண்டுக்கீரை மாதிரி ஐந்தே நிமிடத்தில் இறக்கினேன். ரப்பர் செருப்பை மென்றது போல இருந்தது. அத்தான் மரியாதைக்கு இரண்டாம் முறை போட்டுக்கொண்டார், பாவம்.

கேல் முட்டைக்கோஸ் சாதி. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி, கேல் எல்லாமே ஒரே இனத்தின் வேறுவேறு வேஷங்கள்தான். அதனால் அதற்குப் பொறுமை வேண்டும். நடு நரம்பை உருவி எறிந்துவிட்டு, இலையைப் பொடியாக அரியவேண்டும். தேங்காய்ப்பாலில் முப்பது நாற்பது நிமிடம் சிறுதீயில் கிடக்கவேண்டும். சேப்ப இலை கடைந்தால் தானாகக் குழைந்து வழவழக்கும், கேல் அப்படிக் குழையாது, ஆகவே வெண்டைக்காயை இரண்டு பங்காகப் போடுகிறார் அத்தை. மிளகாயை முழுசாக மேலே மிதக்கவிட்டு, உடையாமல் கடைசியில் எடுத்துவிடவேண்டும். உடைந்தால் அன்று வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். பிறகு மத்தால் நாலு சுற்று. கேல் வாசனை போய்க் கலலூ வாசனை வருகிற ஒரு கட்டம் உண்டு. அது வந்த பிறகுதான் உப்பு பார்ப்பார்.

ஒரு லாபமும் உண்டு. சேப்ப இலையில் ஊசி ஊசியான கால்சியம் ஆக்சலேட் இருக்கிறது, அரைவேக்காடாக இறக்கினால் தொண்டை அரிக்கும். தண்டுக்கீரையிலும் ஆக்சலேட் உண்டு, கீரையிலுள்ள சுண்ணாம்புச் சத்தை அது உடம்பில் சேரவிடாமல் கட்டிப்போடும். கேலில் அது குறைவு. எழுபதைத் தாண்டிய எலும்புக்கு எது நல்லது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். (சூப்பர்ஃபுட் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள்!)

இவ்வளவும் அத்தையிடம் சொன்னேன், பாதி ஆங்கிலத்தில், பாதி கையாட்டலில். பொறுமையாகக் கேட்டார். "நீ சொல்வது எல்லாம் சரி. ஆனால் அவன் என் அம்மாவின் ஊர்க்காரன்" என்றார். அதற்கு மேல் எனக்குப் பதில் தெரியவில்லை.

வருகிற ஞாயிறு அந்த உறவுக்காரர் மறுபடி வருகிறார். சனிக்கிழமை கருவாட்டை ஊறப்போட நான் போகிறேன், கத்திரிக்கோலும் கூடையும் எடுத்துக்கொண்டு. கேலை நானே பறித்து, நானே அரிந்து, அத்தை பக்கத்தில் நின்று திட்டத் திட்ட நாற்பது நிமிடம் வேகவைக்கப்போகிறேன். மேசையில் வைக்கும்போது கலலூ என்றுதான் சொல்வேன். தட்டைத் தள்ளினால், அன்றைக்கு எதிரே உட்கார்ந்திருப்பது அத்தை இல்லை, நான்.