மண் அறிக்கை யாருக்குச் சொந்தம்?

கொட்டாஞ்சேனையில் நாலு பேர்ச் காணி வாங்குபவர் உறுதியைப் புரட்டிப் பார்க்கிறார், நில அளவைப் படத்தைச் சரிபார்க்கிறார், வீதிக்கோட்டுச் சான்றிதழ் இருக்கிறதா என்று விசாரிக்கிறார். காணிக்கு அடியில் என்ன மண் என்று கேட்பவர் அரிது. கேட்டாலும் பதில் சொல்ல ஆளில்லை. அந்தப் பதிலைச் சொல்லும் கடமையைக் கொழும்பு மாநகர சபையும் நகர அபிவிருத்தி அதிகார சபையும் ஏற்க வேண்டும்.

ஒல்லாந்தர் 1749 இல் கட்டத் தொடங்கி 1757 இல் அர்ப்பணித்த வுல்வெந்தால் தேவாலயம் இப்பகுதியின் மேட்டு நிலத்தில் நிற்கிறது. ஏறத்தாழ ஐந்து அடித் தடிப்பான அதன் சுவர்கள் கபுக் கல்லும் சுண்ணாம்பும் கலந்தவை. மேட்டின் சிவந்த, இறுகிய மண் அவ்வளவு பாரத்தையும் சுமக்கிறது. மேட்டைவிட்டுக் களனி கங்கைப் பக்கமோ கால்வாய்ப் பக்கமோ இறங்கினால் கதை வேறு. அங்கே பல இடங்களில் மேலே கட்டிட இடிபாடும் கிரவலும். கீழே அழுகிய தாவரங்கள் கலந்த கறுப்புச் சேறு. இந்தச் சேறு தன் உலர் எடையைவிடப் பல மடங்கு நீரைப் பிடித்து வைத்திருக்கும். பாரம் ஏறினால் நீர் ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசிந்து, நிலம் அமிழும். அதுவும் ஒரே சீராக அமிழ்வதில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பைக் கண்டால் மேசனைத் திட்டுகிறோம். பல வேளைகளில் குற்றவாளி அத்திவாரத்துக்குக் கீழே இருக்கிறது. வெள்ளத்துக்குப் பயந்து காணியை மண் போட்டு உயர்த்துவதும் பாரம்தான், பக்கத்து வீட்டுக்கும் சேர்த்து.

இந்த மண் என்ன செய்யும் என்பதை 2017 ஏப்ரல் 14 காட்டியது. புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்தனர். குப்பையின் உயரத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். அது ஏறி நின்ற சதுப்பு அந்தப் பாரத்தைத் தாங்கும் மண்ணா என்ற கேள்வியைச் சம்பவத்துக்குப் பிறகு பொறியியலாளர்கள் துருவினர். கொழும்பு நகரின் குப்பை அங்கே போனது 2009 இல் கொட்டாஞ்சேனையின் புளூமெண்டல் குப்பைமேட்டில் கொட்டுவது நிறுத்தப்பட்ட பின்னர் என்பதை இவ்வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள்.

மலக்குழி விவகாரமும் இதே மண்ணில்தான் வந்து முட்டுகிறது. ஆங்கிலேயர் காலத்துக் கழிவுநீர்க் குழாய் எட்டாத தோட்டக் குடியிருப்புகளில் குழிதான் கதி. தொட்டியில் திண்மம் அடியில் தங்கும். வெளியேறும் நீரைச் சுத்திகரிப்பது சுற்றியுள்ள மண். நிலத்தடி நீர் இரண்டு அடியில் நின்றால் அந்த மண்ணுக்கு வேலை செய்ய இடமே இல்லை. மழை பிடித்தால் குழி நிரம்பும், கலி பவுசர் வரும், மறுவாரம் திரும்பவும் வரும். வெள்ளவத்தைக் கடற்கரை மணலிலோ நீர் வடிகட்டப்படும் முன்னரே ஓடிவிடும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் இன்னும் மோசம். அங்கே கிணற்று நீரில் நைத்திரேற்று கூடியதற்கு உரத்தோடு மலக்குழிகளும் காரணம். சோதனை ஒன்றும் பெரிய வித்தையில்லை: குழி தோண்டி நீரூற்றி, மட்டம் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்ப்பது. இலங்கையின் எஸ்.எல்.எஸ். 745 தரநிலையும் மண்ணின் உறிஞ்சும் தன்மையைப் பார்த்தே குழியை வடிவமைக்கச் சொல்கிறது. தளத்தில் எத்தனை பேர் செய்கிறார்கள்?

வீட்டுத் தோட்டம் செய்பவருக்கு இந்த மண்ணால் பாதிப்பு குறைவு. இடிபாட்டு மண்ணில் கறிவேப்பிலை வெளிறினால் சாடிக்கு மாறிவிடலாம். வீட்டைச் சாடிக்கு மாற்ற முடியாது.

உயர்மாடிகளுக்கு மண் துளைத்துப் பார்க்காமல் எவரும் பைல் இறக்குவதில்லை. அந்த மண் அறிக்கைகள் கோப்புகளில் கிடக்க, பத்து யார் தள்ளி இரண்டு மாடி கட்டும் குடும்பம் கண்ணை மூடிக்கொண்டு அத்திவாரம் வெட்டுகிறது. அறிக்கை காசு கொடுத்தவரின் சொத்து என்பார்கள். நில அளவைப் படமும் காசு கொடுத்து வரைவதுதான். அயலவருடன் எல்லைத் தகராறு வந்தால் அது மேசைக்கு வருகிறது. காணி விலை விழும் என்ற முணுமுணுப்பும் எழும். சேற்று நிலத்தை மேட்டு நில விலைக்கு விற்பவர்களின் கவலை அது.

அனுமதி பெறும் ஒவ்வொரு கட்டிடத்தின் மண் துளை விவரமும் வட்டார வரைபடத்தில் பதியப்பட்டு, மாநகர சபை முகப்பில் இலவசமாகப் பார்க்கக் கிடைக்க வேண்டும். சிறு வீடுகளின் மலக்குழி அனுமதிக்கு உறிஞ்சு சோதனைப் பதிவு கட்டாயமாகட்டும். அதன் செலவைச் சபையே ஏற்கலாம், கலி பவுசருக்குத் திரும்பத் திரும்ப ஆகும் செலவைவிட அது குறைவாகவே இருக்கும். புளூமெண்டலைச் சுற்றிய வீதிகளிலிருந்து இந்த வரைபடத்தைத் தொடங்கட்டும்.