குரலைக் கேட்கச் செய்யும் கடமை

இடருற்றவன் எழுப்பும் குரல் பிறர் செவிக்குத் தெளிவாகச் சென்று சேர வழிசெய்வது அரசின் முதற்கடமைகளுள் ஒன்று. கருவியை வழங்கியதோடு அக்கடமை தீர்ந்துவிடாது. அதில் பேசுவது மறுமுனையில் விளங்குகிறதா என்று இடையறாது சோதித்தறிவதிலேயே நிறைவுறும்.

உலகம் இதனைப் பேரிழப்பின் பின்னரே உணர்ந்தது. 1912 ஏப்ரலில் டைட்டானிக் மூழ்கியபோது, அருகே நின்ற கலிபோர்னியன் கப்பலின் தந்தியாளர் உறங்கச் சென்றுவிட்டமையால், அபய அழைப்பு அங்கே கேளாமற் போயிற்று. கப்பல்கள் இரவும் பகலும் செவிமடுத்திருக்கும் முறைக்கு, 1914இல் இலண்டனில் கண்ட உடன்படிக்கை அடிகோலியது.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் சீறியபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர் பலர் முன்னரே ஆழ்கடல் சென்றிருந்தனர். தொடுவானத்தைக் கடந்து வெகுதொலைவு செல்லவியலாத வி.எச்.எப். வயர்லெஸ் வழியே கரையின் எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. அதன்பின் செயற்கைக்கோள் கருவிகள் வந்துள்ளன. எனினும், மூழ்கும் படகு அண்டைப் படகை அழைக்க இன்றும் துணையாவது வயர்லெஸ்சின் 16ஆம் அலைவரிசையே.

ஆயின், அலை வலுவாகச் சென்றும் சொல் விளங்காமற் போவதுண்டு. சூறைக்காற்றில் ஒலிவாங்கியை உதட்டோடு ஒட்டிக் கத்தினால் பேச்சு சிதைகிறது. விலக்கிப் பிடித்தாலோ காற்றிரைச்சலும் எஞ்சின் ஓசையும் அதனை விழுங்குகின்றன. உப்பேறிய இணைப்பு குரலை மெலிவிக்கிறது. கேட்போர் இரைச்சலுக்கு அஞ்சி ‘ஸ்குவெல்ச்’ திருகை மிகுதியாகத் திருப்பிவிட்டால், இரைச்சலோடு தொலைவிலிருந்து வரும் மெல்லிய அழைப்பும் அடைபட்டுப்போகும்.

கடல் காணாத சேலம், நாமக்கல் சமவெளிக்கு இதில் என்ன அக்கறை எனக் கேட்பாரும் உளர். வடநாட்டுச் சாலைகளில் நாட்கணக்காக உழலும் லாரி ஓட்டுநரின் ஓர் அழைப்புக்குக் காத்திருக்கும் இல்லங்கள் இங்கே ஏராளம். அக்காத்திருப்பின் வேதனையை மீனவர் குடும்பங்களோடு நாமும் அறிவோம்.

எனவே, ஒவ்வொரு படகும் துறைமுகம் நீங்குமுன் பேசிக் காட்டி, சொல் விளங்கியதென மறுமொழி பெற்றே செல்லவேண்டும். பழுது நீக்குவோர் துறைமுகந்தோறும் இருத்தல் வேண்டும். ஒலிவாங்கியைப் பிடிக்கும் முறை முதலாக அனைத்தும் தமிழில் பயிற்றுவிக்கப்படவேண்டும். மீனவரும் 16ஆம் அலைவரிசையை வீண்பேச்சால் அடைத்தலாகாது. இவற்றுக்கு ஆகும் செலவு சிறிது. செய்யத் தவறின் நேரும் இழப்போ எவராலும் ஈடுசெய்யவொண்ணாதது. அடுத்த புயற்பருவத்துக்கு முன் அரசு இதனைச் செய்து முடிக்கவேண்டும்.